செல்மருக்கு ஒதுக்கிய அறை

ஹெரான் பாயிண்ட், ஃப்ளோரிடா
அக்டோபர் 9

என் அருமைத் தம்பி செல்மருக்கு,

அக்கா வெர்னா எழுதுகிறேன். முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. உனக்குக் காதுதான் கேட்பதில்லை, பசியாவது எடுக்கிறதா? போன வாரம் தொலைபேசியில் நான் கத்தியது மேல்வீட்டுக்காரிக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. இனிமேல் கடிதம்தான்.

இங்கே இருக்க எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருந்தாய். மாதக் கட்டணம் முந்நூற்று நாற்பது டாலர். "சொந்த வீட்டுக்கு எதுக்கு வாடகை?" என்பாய். உன் அத்தான் ஹார்லனும் சாகிற வரை அதையேதான் சொன்னார். ஆனால் அதிலேயே தண்ணீர், குப்பை, டிவி, நீச்சல் குளம் எல்லாம் அடக்கம். புல் வெட்ட வேண்டாம், பனி அள்ள வேண்டாம். குளத்தில் யாரும் நீந்துவதில்லை என்பது வேறு விஷயம். ஆகஸ்டில் நம் மாடுகள் ஓடையில் இறங்கி நிற்குமே, அதேபோலத் தொப்பி போட்டுக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்று ஊர்க்கதை பேசுவோம். ஆளுக்கு ஓர் இடம் உண்டு. இடம் மாறி நின்றால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுக்க மாட்டார்கள். சாயங்காலச் சாப்பாடு நாலரை மணிக்கே, ஏனென்றால் ஐந்துக்கு மேல் ஓட்டலில் தள்ளுபடி கிடையாது.

கட்டணம் ஏறாததற்கு ஹார்லன்தான் காரணம். ஜனவரி தோறும் எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில், கட்டடம் பழுதுபார்க்கும் நிதிக்குக் கூடுதலாகக் கட்டலாமா என்று கை தூக்கச் சொல்வார்கள். உடனே ஹார்லன் எழுந்து, "நாம செத்த பொறவு வர்றவனுக்கு நாம ஏன்யா கூரை போட்டுக் குடுக்கணும்?" என்பார். எல்லோரும் கைதட்டி, வேண்டாம் என்று ஓட்டுப் போட்டுவிட்டு டோனட் சாப்பிடப் போவோம். நாங்கள் வந்த வருஷத்திலிருந்து இதே கதைதான்.

பின்னறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் ஏரி. உன் மேரியன் போன பிறகு நீயும் தனி, நானும் தனி. அந்த மாடிப்படியும் பனியும் உன்னைக் கொண்டுபோவதற்குள் வந்துவிடு. இருக்கிற காலத்தை ஒரே கூரையின் கீழ் ஓட்டுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா,
வெர்னா


விஸ்கான்சின்
அக்டோபர் 27

அன்பான அக்காவுக்கு,

செல்மர் எழுதுவது. நலம். நீயும் நலமாக இரு.

கடைசி மாடுகளும் போய்விட்டன. காலையில் நாலு மணிக்கு விழிப்பு மட்டும் போகவில்லை. எழுந்து உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறேன்.

பக்கத்துப் பண்ணை ரோல்ஃப் நிலத்தைக் கேட்கிறான். நீ சொன்னபடி வருவதானால் அதை விற்றுவிட்டுத்தான் வர வேண்டும். உனக்குப் பாரமாக நான் வரமாட்டேன். பாதிச் செலவு என்னுடையது.

சில சந்தேகம். என் பிக்கப் வண்டியை எங்கே நிறுத்துவது? பால்கனியில் துணி காயப் போடலாமா? ஏரியில் மீன் உண்டா? மாதாகோவிலுக்கு அங்கே எல்லாரும் அரைக்கால் சட்டையிலா வருகிறார்கள்? ரோல்ஃபின் மனைவி காரின் அப்படிச் சொன்னாள், நான் நம்பவில்லை.

கொட்டிலில் ஒரு சின்ன வழுக்கல். ஒன்றுமில்லை. ரோல்ஃப் வந்து தூக்கினான்.

செல்மர்


ஹெரான் பாயிண்ட்
நவம்பர் 18

தம்பி செல்மர்,

நான் சுகம். வழுக்கி விழுந்ததை நாலு வார்த்தையில் எழுதுகிறாயே, எவ்வளவு நேரம் கீழே கிடந்தாய், அதைச் சொல்லு.

வண்டி விஷயமாகச் சங்கத்து கிளிஃபர்டைக் கேட்டேன். "பிக்கப் வண்டி ராத்திரி நிக்கக் கூடாதும்மா. பாக்குறதுக்குக் கூலிக்காரங்க தெரு மாதிரி ஆயிடும்" என்றான்.

"ஏன் கிளிஃபர்ட், நீ நாப்பது வருஷம் சாக்கடைக் குழாய் போட்டவன்தானே?"

"அது அப்ப. இப்ப நான் ரிட்டயர்டு."

துணியும் காயப் போடக் கூடாது. போட்டால் முதலில் கடிதம் வரும், அப்புறம் அபராதம். மீன் உண்டு, ஆனால் அதைப் பிடிக்க ஒரு முதலையும் உண்டு, அதற்குச் சங்கத்தில் உன்னைவிடச் செல்வாக்கு அதிகம். அரைக்கால் சட்டை உண்மைதான். பாதிரியாரும் அங்கிக்கு உள்ளே அதுதான் போட்டிருக்கிறார் என்று ஊரே நம்புகிறது.

போன செவ்வாய்க்கிழமை மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து பன்றிக்குட்டி அளவுக்கு ஒரு காரைத்துண்டு, கீழே கட்டை தள்ளி விளையாடுகிறவர்கள் நடுவில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. "அது என் கட்டைக்குப் பக்கத்துல விழுந்துச்சு, பாயிண்ட் எனக்கு" என்று ஒரு கிழவர் தகராறு பண்ணினார். இப்போது சுற்றிலும் வலை கட்டியிருக்கிறார்கள். யாரோ எஞ்சினியர் வந்து சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்க்கிறார். இதெல்லாம் வழக்கம்தான் போல.

உன் அறைக்குப் புது மெத்தை வாங்கிவிட்டேன். பனி பெய்யும்போது வெளியே போகாதே.

அக்கா வெர்னா


ஹெரான் பாயிண்ட்
ஜனவரி 22

அன்புத் தோழி ஐடாவுக்கு,

கனடாவில் குளிர் எப்படி? உன் வீட்டுக்காரர் காலினின் இதயம் ஆபரேஷனுக்குப் பிறகு ஒழுங்காக அடிக்கிறதா? இந்தக் குளிர்காலத்துக்கு நீங்கள் வராததால் நீச்சல் குளத்தில் உன் இடத்தில் யாரையும் நிற்கவிடவில்லை. வாரா வாரம் இங்கே இருக்கிற உன் வீட்டைத் திறந்து குழாயில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிறேன்.

இதைத் தொலைபேசியில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். கூட்டம் நடந்தது. இந்த முறை டோனட்டை யாரும் தொடவில்லை. கட்டடத்துக்குள் இருக்கிற கம்பியெல்லாம் உப்புக்காற்றில் துருப்பிடித்து உப்பிக் கிடக்கிறதாம். சரிசெய்ய வீட்டுக்கு எண்பத்தாறாயிரம் டாலர் தனி வசூல். மாதக் கட்டணம் இனி தொள்ளாயிரம். நிதியில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருத்தி கேட்டாள். நிதியே இல்லை, நாம்தான் வருஷா வருஷம் வேண்டாம் என்றோமே என்றார் கணக்குப் பார்ப்பவர்.

"ஹார்லன் இருந்தா இதுக்கு ஒரு வழி சொல்லியிருப்பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"அவரு சொன்ன வழியில வந்துதான்யா இங்க நிக்கறோம்" என்றான் கிளிஃபர்ட்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள், ஐடா. கை தட்டினவர்கள் அத்தனை பேரும்.

எனக்கு மாதம் வருகிற ஓய்வுப் பணம் ஆயிரத்து அறுநூறு. கட்ட முடியாது. ஒரு கம்பெனி எல்லா வீட்டையும் அடிமாட்டு விலைக்குக் கேட்கிறது. கொடுத்தால், வசூலையும் கழித்து, கையில் கொஞ்சம் மிஞ்சும்.

செல்மரிடம் சொல்லவில்லை. அவனைப் பற்றி உனக்குத் தெரியாது. ஹார்லன் பால் வண்டி ஓட்டிய காலத்தில் ஒருமுறை எஞ்சின் போய்விட்டது. அன்று சாயங்காலமே இரண்டு கிடாரிகளை விற்றுப் பணத்தை எங்கள் வீட்டு மாவு டப்பாவுக்குள் போட்டுவிட்டுப் போனான், ஒரு வார்த்தை பேசாமல். இப்போது சொன்னால் நிலத்தை விற்று இந்தச் சுவருக்குள் கொட்டிவிடுவான். இந்தச் சுவர் அடுத்த வருஷமும் கேட்கும். அப்புறம் அவனுக்கும் ஒன்றும் இருக்காது.

காலினுக்கு என் அன்பு.
வெர்னா


ஒண்டாரியோ
பிப்ரவரி 2

வெர்னா,

நாங்கள் இருவரும் மெதுவாக நலமாகி வருகிறோம். நீ சாப்பிடுகிறாயா?

எங்கள் வீட்டையும் அந்தக் கம்பெனிக்கே கொடுத்துவிடப் போகிறோம். காலின் இரண்டு நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து பனியையே பார்த்தார். மூன்றாம் நாள், "இனிமே நான் எந்தக் குளத்துல நிக்கறது?" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

உன் தம்பியிடம் உண்மையைச் சொல். அவர் என்ன சின்னப் பிள்ளையா? எழுபத்தாறு வயசு ஆளுக்குத் தன் நிலத்தை என்ன செய்வதென்று தெரியாதா? நீ மறைப்பது அன்பு என்று நினைக்கிறாய். எனக்கென்னவோ அது பிடிவாதமாகத் தெரிகிறது. இன்றைக்கே எழுது.

ஐடா


விஸ்கான்சின்
பிப்ரவரி 10

அக்காவுக்கு,

நலம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே இருபது. குழாய் உறைந்து வெடித்துவிட்டது. சமையலறையில் சறுக்கி விளையாடலாம்.

ரோல்ஃப் நல்ல விலை சொல்லியிருக்கிறான். மார்ச் ஒன்றாம் தேதி வக்கீலிடம் போகிறோம்.

டவுனுக்குப் போய் அரைக்கால் சட்டை இரண்டு வாங்கினேன். கடைப்பெண் சிரித்தாள். "எதுக்கு தாத்தா இந்தப் பனியில?" என்றாள். "எங்கக்காகூடப் போயி இருக்கப் போறேன்" என்றேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். என் கால் இவ்வளவு வெள்ளை என்று எனக்கே தெரியாது. முதலை பார்த்தால் பயந்து ஓடும்.

ராத்திரி இங்கே சத்தமே இல்லை. காது கேட்காதவனுக்குச் சத்தம் இல்லாதது எப்படித் தெரியும் என்று கேட்காதே. தெரிகிறது.

வா என்று ஒரு வரி எழுது. கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.

செல்மர்


ஹெரான் பாயிண்ட்
பிப்ரவரி 17

தம்பி செல்மர்,

நலம். நீயும் நலம் என நம்புகிறேன்.

ஒரு சந்தோஷமான சேதி. லாயிட் என்று ஒருவர், மனைவியை இழந்தவர், நல்ல மாதிரி. நாங்கள் சேர்ந்து வாழ்வதாக முடிவு செய்திருக்கிறோம். அடுத்த மாதம் அவர் இங்கே வருகிறார். அவர் சாமான்களுக்குப் பின்னறை வேண்டியிருக்கிறது. அதனால் நீ வருவது இப்போது சரிப்படாது. இந்த வயதில் புதிதாக ஒரு துணை கிடைத்தது கடவுள் கொடுத்தது என்று உனக்கே தெரியும்.

நிலத்தை விற்காதே. அது உன்னிடமே இருக்கட்டும்.

வெர்னா


விஸ்கான்சின்
பிப்ரவரி 28

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம். ஹார்லனுக்குப் பிறகு நீ தனியாக இருக்கிறாயே என்றுதான் எனக்குக் கவலை. இனி அது இல்லை.

ரோல்ஃபிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சட்டைகளைக் கடையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

லாயிடுக்கு என் வணக்கம்.

செல்மர்


ஓகலா பக்கம், ஃப்ளோரிடா
ஜூன் 30

அன்பு ஐடா,

காலின் தோட்டத்தில் நடக்கிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கே கொஞ்சம் தெம்பு வந்தது.

முகவரி மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். கம்பெனிக்காரர்கள் மே மாதம் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கடலிலிருந்து வெகு தள்ளி, ஒரு விதவையின் டிரெய்லர் வீட்டில், சக்கரம் வைத்த தகரப் பெட்டி மாதிரி ஒன்றில், ஓர் அறை எடுத்திருக்கிறேன். அவள் நல்லவள்தான், ஆனால் பகல் முழுக்க டிவியில் கோர்ட்டு வழக்கு பார்ப்பாள். எல்லா வழக்கிலும் எதிராளி பக்கம்தான் நிற்பாள். புது மெத்தையைக் கொண்டுவந்தேன், கட்டிலுக்குப் பெரிதாகிவிட்டது. ஓரம் தொங்குகிறது.

செல்மருக்கு மூன்று கடிதம் போட்டேன். முகவரி மாறியதற்கு, தபால் பெட்டி எண் மாற்றிவிட்டோம் என்று ஒரு பொய். இல்லாத லாயிடுக்குப் பல்வலி என்று ஒரு பொய். லாயிட் பியானோ வாசிப்பார் என்று எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் ஒவ்வொன்றுக்கும் இரண்டே வரி பதில் போடுகிறான், அதில் ஒரு வரி லாயிடுக்கு வணக்கம்.

அவனிடமே போய் இருக்கலாமே என்று கேட்டாய். நினைக்காமலா இருந்தேன்? அந்த வீட்டில் படுக்கையறை, குளியலறை எல்லாம் மாடியில். என் முழங்காலுக்கு அந்தப் படி ஆகாது. அது போகட்டும், தவழ்ந்தாவது ஏறுவேன். அவன் கூப்பிடவில்லையே, ஐடா. உனக்கு இடமில்லை என்று எழுதின கையால், எனக்கு இடம் கொடு என்று எப்படி எழுதுவது?

உடம்பைக் கவனி.
வெர்னா


விஸ்கான்சின்
அக்டோபர் 15

மதிப்புக்குரிய வெர்னா அக்காவுக்கு,

பக்கத்துப் பண்ணை ரோல்ஃபின் மனைவி காரின் எழுதுகிறேன். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கெட்ட செய்தி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். செல்மருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை. இப்போது மாவட்ட முதியோர் மருத்துவ இல்லத்தில் இருக்கிறார். வலது பக்கம் வரவில்லை. நினைவும் ஒரு நாள் போல ஒரு நாள் இல்லை.

கீழ்த்தளத்துக் குளியலறைக்கு வண்ணம் பூசிக்கொண்டிருக்கும்போது விழுந்திருக்கிறார். உங்களுக்கு எழுதியிருப்பாரோ என்னவோ, கோடை முழுக்க அதைத்தான் கட்டினார். பழைய பால் அறையை இடித்து, ஒரு படுக்கையறை, ஒரு குளியலறை. ரோல்ஃப் போய், "உனக்குத்தான் மேல ஒண்ணு இருக்கே, கீழ யாருக்குய்யா?" என்று கத்திக் கேட்டிருக்கிறார்.

"வெர்னாவுக்கு முழங்கால் சரியில்ல. அந்த ஆளு எப்படிப்பட்டவனோ, யாரு கண்டா? பியானோ வாசிக்கிறானாம். பியானோக்காரன நம்ப முடியாது. ஒருவேளை விட்டுட்டுப் போயிட்டான்னா இங்க வந்து இருக்கட்டும்" என்றாராம்.

"அப்ப எழுதிக் கேக்க வேண்டியதுதானே?"

"புருஷனோட நல்லா இருக்கறவள நீ இங்க வான்னு கூப்பிடறது மரியாதையாடா?"

நீங்கள் ஒருமுறை வந்து பார்த்தால் நல்லது.

மரியாதையுடன்,
காரின்


விஸ்கான்சின்
டிசம்பர் 11

என் ஐடாவுக்கு,

நீயும் காலினும் சுகமா? நான் இங்கே வந்து ஆறு வாரம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதே. பேனாவை எடுத்தால் காரினின் கடிதம்தான் கண்முன் வருகிறது.

அவன் கட்டின அறையில்தான் படுக்கிறேன். குளியலறைச் சுவரில் பாதிதான் வண்ணம். மீதியை ரோல்ஃப் பூசித் தருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். தொட்டி ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்திருக்கிறான். சரியாக என் உயரத்துக்கு. என்னைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியும் என் உயரம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

இல்லத்துக்கு மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல். அவன் கையில் இருந்தது தீர்ந்துவிட்டது, நிலத்தை விற்றுத்தான் கட்ட வேண்டும் என்றார்கள். ரோல்ஃப் வாங்கிக்கொண்டான். நியாயமான விலைதான் கொடுத்தான். எந்த நிலத்துக்காக அப்படியெல்லாம் எழுதினேனோ, அது மாதா மாதம் கரைந்துகொண்டிருக்கிறது. வீடு வசந்தகாலம் வரை எங்களுக்கு என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

காரின் தினமும் என்னைக் கொண்டுபோய் விடுகிறாள். முதல் நாள் போனதும் செல்மர் என்னை அடையாளம் கண்டுகொண்டான். இடது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலையே பார்த்தான். "எங்க அவரு? வரலையா?" என்றான். வாய் கோணிக்கொண்டுதான் பேச்சு வருகிறது, ஆனால் புரிகிறது.

ஒரு பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினேன். லாயிட் என்று யாரும் இல்லை, நான் சொன்னது பொய், கட்டடத்துக்குப் பணம் கட்ட முடியாமல் வீடு போய்விட்டது, உன் நிலம் போகக் கூடாதென்று அப்படி எழுதினேன், என்னை மன்னித்துவிடு என்று. படித்தான். இரண்டு தடவை படித்தான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ரெண்டு பேருக்கும் சண்டையா? சரியாப் போயிடும், விடு" என்றான்.

மறுநாளும் எழுதினேன். மறுநாளும் வாசலைப் பார்த்தான். ஒரு வாரம் விடாமல் எழுதினேன், ஐடா. ஒரு நாள் மட்டும் ஏதோ புரிந்த மாதிரி முகம் மாறியது. "அப்ப நீ அங்க தனியாவா இருந்தே?" என்றான். அழ ஆரம்பித்துவிட்டான். நர்சு வந்து தடவிக்கொடுத்தும் நிற்கவில்லை. அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. ராத்திரி அதை மறந்திருப்பான் போல, மறுநாள் காலை பழையபடி வாசலைப் பார்த்தான்.

அன்றிலிருந்து எழுதுவதை விட்டுவிட்டேன்.

நேற்று நர்சிடம் என்னைக் காட்டி, "எங்கக்கா. ஃப்ளோரிடாவுல பெரிய வீடு. அத்தான் பியானோ வாசிப்பாரு. அவ கஷ்டமில்லாம இருக்கா" என்றான். பெருமையாகச் சொன்னான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைத் தட்டிக்கொடுத்து, "நீ கெளம்புக்கா. எவ்வளவு நேரம் இங்கயே உக்காந்திருப்பே? அவரு காத்துக்கிட்டிருப்பாரு" என்றான்.

"ஆமாடா, காத்துக்கிட்டிருப்பாரு" என்று அவன் நல்ல காதுப் பக்கம் குனிந்து சொன்னேன். "உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னாரு."

அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். காரின் வந்து கூட்டிப்போக இன்னும் நேரம் இருந்தது. அவன் கண்ணில் படாத மாதிரி கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உள்ளே அவன் இருமுவது கேட்டுக்கொண்டிருந்தது.

காலினுக்கு என் அன்பைச் சொல். குளிரில் வெளியே போகாதீர்கள்.

உன்,
வெர்னா